முதல் நாளையும் சேர்த்து எண்ணியவர்

“இந்தா” என்று யாராவது சொன்னால் நான் இப்போதும் “எப்ப?” என்று கேட்டுவிடுவேன். அந்தச் சொல் பாவம், அதில் ஒரு குற்றமும் இல்லை. இந்தா வாறன், இந்தா முடிஞ்சுது, இந்தா பக்கத்திலைதான் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எல்லோரும் நாள் முழுக்கச் சொல்வதுதான். ஆனால் என்னோடு வேலை செய்த ஒருவர் சொன்ன மாதிரி வேறு எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவ்வளவு கனிவாகச் சொல்லுவார். கேட்டவருக்கு அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க மனம் வராது. நான் கடைசியாக அவரிடம் கேட்ட காரியம் என் அக்காவின் உயிரோடு சம்பந்தப்பட்டது. அதற்கும் அதையேதான் சொன்னார்.

நீர்வேலியில், பருத்தித்துறை வீதியோரம், ஒரு ஹாட்வெயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. மென்பொருள் நிறுவனம் என்று பலகை சொல்லும். உள்ளே வந்து பார்த்தால் ஏழெட்டுப் பேரும் ஒரு கரகரத்த மின்விசிறியும்தான். அவர் எங்களுக்கெல்லாம் மூத்த நிரலாளர். கரவெட்டியிலிருந்து மோட்டார்சைக்கிளில் வருவார். வந்ததும் ஹெல்மெட்டைத் தன் கணினித் திரையின் மூலையில் கொழுவிவிட்டு, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பால் விடாத பிளேன்ரீ குடிப்பார். அதற்குப் பிறகுதான் வாய் திறப்பார்.

நேர்முகத்துக்குப் போன அன்று, முடிவு எப்போது தெரியும் என்று அவரிடம் கேட்டேன்.

“உங்கடை வளவிலை வாழை நிக்குதோ?” என்று திருப்பிக் கேட்டார்.

“நீர்வேலியிலை வாழை இல்லாத வளவு எங்கை?”

“அப்ப குலை வெட்டிப் புகைக்குப் போட்டால் பழுக்கிற நேரத்துக்குள்ளை சொல்லுவம்.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மாவுக்குக் கோபம் வந்தது. படித்த மனிசன் கதைக்கிற கதையா இது என்றாள். அப்பா அன்றைக்கு வெட்டிய குலைகளைக் குழியில் அடுக்கி, சருகு பரப்பி, மண்ணால் மூடி, ஓட்டையால் புகை ஊதிவிட்டு ஓட்டையையும் அடைத்தார். குழி திறந்து பழம் வெளியே எடுத்த அன்றே எனக்கு வேலை கிடைத்த செய்தியும் வந்தது. அன்று முதல் நானும் அவருடைய ஆள். அவருடைய கணக்கு அப்படித்தான் மனிதரைப் பிடித்துக்கொள்ளும்.

எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் வேலைகளோடு ஆங்கிலத்தில் ஒரு சின்ன லைப்ரரி அடிக்கடி கூடவே வரும். லைப்ரரி என்றால் புத்தகசாலை அல்ல. ஒருவர் எழுதி வைத்த நிரல் துண்டை மற்றவர்கள் தங்கள் நிரலுக்குள் எடுத்துப் பொருத்திக்கொள்வது. இந்தத் துண்டின் வேலை நேரத்தைப் பேச்சாக்குவது. இத்தனை வினாடி கடந்துவிட்டது என்று கணினி எண்ணைக் கொடுத்தால், அதை வாங்கி, சற்று முன், கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம், போன மாதம் என்று மனிதர் கதைக்கிற மாதிரிச் சொல்லித் தரும். ஒரு வாடிக்கையாளர் தமிழிலும் வேண்டும் என்று கேட்டார். யாரோ ஏற்கெனவே தமிழில் செய்து வைத்திருந்ததை எங்கள் மூத்தவர் திறந்து, வானொலி அறிவிப்பாளரின் குரலில் சத்தமாக வாசித்தார்.

“ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களுக்கு முன்னர். உப்பிடி ஆர் காணும் கதைக்கிறது? மரண அறிவித்தல் மாதிரியெல்லோ கிடக்கு!”

அதன் பிறகு தானே ஒன்று எழுதத் தொடங்கினார். பொழுது என்று பெயர் வைத்தார். பஸ்ஸிலும் கோயில் வரிசையிலும் அச்சுவேலிச் சந்தையிலும் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தார். காலையில் வந்ததும், “உலை கொதிக்கிற நேரம். நேற்று ஒரு மனிசி சொன்னவ. எடுத்துப் போடும்” என்பார். இப்படியே சேர்ந்தன. ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம், ஒரு பஸ் விட்டு மற்றப் பஸ் வாற நேரம், வெயில் சாயிற வரைக்கும். எல்லாவற்றிலும் சின்னது இந்தா. கனடாவிலிருந்து ஒருவர், திரையில் ‘பிளேன்ரீ குடிக்கிற நேரம்’ என்று கண்டதும் தனக்கு அழுகை வந்துவிட்டதாக எழுதியிருந்தார். இவருக்கு அன்று முழுக்கக் கால் நிலத்தில் படவில்லை.

அந்த நாட்களில் எனக்கு அவர் மீது அளவில்லாத பிரியம் இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை. அவரோடு வேலை செய்தால் நிரல் எழுதுவதுபோலவே இராது, பந்தலில் இருந்து கதை கேட்பதுபோல இருக்கும். ஆனாலும் ஒருநாள் அவர் சொன்ன ஒன்று எனக்குள் முள்ளாய்த் தங்கிவிட்டது.

“ஆளுக்கு நேரம் தேவையில்லை, பிள்ளை. பயப்பிடோணுமோ, பயப்பிடத் தேவையில்லையோ எண்டு தெரிஞ்சால் காணும்.”

“பயப்பிடவேண்டிய நேரத்திலை உங்கடை லைப்ரரி என்ன சொல்லும்?” என்று கேட்டேன்.

“நான் ஏன் சனத்தைப் பயப்பிடுத்துவான்?” என்று சிரித்தார்.

அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். வந்தால் எழுந்து யன்னலோரம் போய், வீதியைப் பார்த்தபடி நிற்பார். பெருவிரல் மெதுவாகச் சின்னிவிரலின் அடிக்கணுவில் போய்த் தொடும். அந்த விரல் அங்கே போனதும் நாங்கள் எல்லோரும் தட்டச்சை நிறுத்திவிடுவோம். கரவெட்டிப் பக்கத்தில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தம். எட்டாம் நாள் சடங்கான எட்டு எப்போது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எப்போது என்று ஊரில் எல்லோரும் இவரிடம்தான் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவர். அன்று தொடங்கிய எண்ணிக்கை.

“செத்த நாள் ஒண்டு,” என்று தொடங்குவார். கணு கணுவாகப் பெருவிரல் ஏறி இறங்கும். கடைசியில் கிழமையைச் சொல்லி, போனை வைத்து, ஒன்றும் நடக்காததுபோல வந்து இருந்து பனங்கட்டியைக் கடிப்பார். அந்தக் கடிக்கும் சத்தம் எனக்குப் பிடிக்காது.

லைப்ரரியில் நாள் எண்ணும் பகுதியை எழுதியபோதும் அதே பெருவிரல், அதே சின்னிவிரல். பொழுதில் நாள் என்றால் தொடங்கிய நாளும் ஒன்று. வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கிய எதற்கும் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மூன்று நாள்.

பிழை பிடிப்பதுதான் அங்கே என் வேலை. வீட்டிலும் அதுதான் என் வேலை என்று அக்கா சொல்லுவாள். நான் இதைப் பிழை என்று பதிந்தேன்.

“அண்ணை, இது ரெண்டு நாள்கூட இல்லை.”

“வெள்ளி, சனி, ஞாயிறு. எண்ணிப் பாரும்.”

“வெள்ளி பின்னேரம்தானே தொடங்கினது?”

“பின்னேரம் செத்தவருக்கு வெள்ளிக்கிழமை இல்லையோ?”

“செத்தவீடு வேறை, இது வேறை.”

“கலியாணவீட்டு நாலாம் சடங்கும் வேறையோ? பிள்ளை பெத்த வீட்டுத் துடக்கும் வேறையோ? எங்கடை சனம் முதல் நாளையும் சேர்த்துத்தான் எண்ணும். நான் சனம் எண்ணுற மாதிரி எழுதியிருக்கிறன். பூச்சியத்திலை தொடங்கிற உம்மடை கணக்கைக் கொண்டுபோய் உம்மடை அம்மாட்டைச் சொல்லிப் பாரும்.”

சொல்லிப் பார்த்தேன். அம்மா வெங்காயம் உரித்தபடியே, வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று, இதிலே என்ன கேள்வி என்றாள். மறுநாள் அலுவலகத்தில் நல்ல பகிடி. அவர் என் பிழைப் பதிவை மூடினார். நான் திறந்தேன். அவர் மூடினார், நான் திறந்தேன். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. அவருக்கு விளையாட்டு. எனக்குப் பாதிதான் விளையாட்டு.

அவருடைய ஊரில் ஒருவர் கோழிக்குஞ்சு பொரிக்க வைக்கும் பெட்டி வைத்திருந்தார். இவர் பொழுதைப் பரீட்சித்துப் பார்க்க, சும்மா அன்பளிப்பாக, அந்தப் பெட்டிக்கு ஒரு சின்னத் திரை செய்து கொடுத்தார். முட்டை வைத்து இத்தனை நாள் என்று அது காட்டும். ஒரு காலை அந்த மனிதர் முட்டைக்கோதுகளும் குஞ்சுகளுமாக ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிப்படியில் ஏறி வந்தார். குஞ்சு பொரிக்கிற கணக்கான இருபத்தொரு நாள் திரையில் வந்துவிட்டதாம். குஞ்சுகள் வெளியே வரவில்லை. கோது தடித்துப்போய்க் குஞ்சு உள்ளே தவிக்கிறது என்று நினைத்து, பாவம் பார்த்து, ஒவ்வொன்றாக உடைத்துவிட்டிருக்கிறார். மஞ்சள் கரு வயிற்றுக்குள் போய்ச் சேராத குஞ்சுகள். ஒன்று மட்டும் அவருடைய உள்ளங்கையில் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

“இன்னும் ஒரு நாள் கிடந்திருக்கு, தம்பி,” என்றார் அந்த மனிதர். அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நல்லது என்று எனக்கு இருந்தது.

இவர் அந்தக் குஞ்சைக் கையில் வாங்கினார். அது அடங்கும் வரைக்கும் வைத்திருந்தார். பிறகு, “கோழி எங்களை மாதிரி எண்ணாது போலை,” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு முழுக்கப் பிளேன்ரீயும் குடிக்கவில்லை. நான் என் பதிவை மறுபடி திறந்துவிட்டேன். இனி மாற்றுவார் என்று நிச்சயமாக நம்பினேன். அடுத்த நாள் வந்து பார்த்தால் அது மூடிக் கிடந்தது. அவருடைய பிடிவாதத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கெட்ட மனிதரின் பிடிவாதம் இல்லை. தன் சனம் பேசுவது பிழையாக இருக்கமுடியாது என்று நம்பிய ஒரு நல்ல மனிதரின் பிடிவாதம். அது இன்னும் மோசமானது.

அச்சுவேலியில் ஒரு மில். குரக்கன் மா, உழுத்தம் மா, ஒடியல் மா, மிளகாய்த்தூள் எல்லாம் அரைத்துப் பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். என் அக்கா அங்கேதான் வேலை. களஞ்சியத்தைத் திறந்து, மூடைகளைப் பார்த்து, அரைப்புக்கு எடுத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. தானியத்தில் வண்டு விழாமல் இருக்க அவ்வப்போது களஞ்சியத்துக்குள் மருந்து மாத்திரையாகக் குளிசை போடுவார்கள். போட்டுவிட்டுக் கதவு இடுக்கெல்லாம் நாடா ஒட்டி அடைத்துவிட வேண்டும். குளிசையிலிருந்து வரும் நச்சுக்காற்று உள்ளே நிறைந்து நின்று வண்டைக் கொல்லும். மூன்று முழு நாள் எவரும் திறக்கக்கூடாது. பிறகு திறந்து, நன்றாகக் காற்றோட விட்டுத்தான் உள்ளே போகலாம். வழக்கமாக வெள்ளி பின்னேரம் போட்டால் செவ்வாய் காலையில்தான் கதவு திறக்கும். எந்த நாள், எத்தனை மணிக்குத் திறப்பது என்று ஒரு மட்டை எழுதிக் கதவில் தொங்கும்.

அந்த மில்லுக்கு எங்கள் அலுவலகம் சரக்கு பார்க்கும் மென்பொருள் செய்து கொடுத்தது. மட்டை போய், களஞ்சிய வாசலில் பொழுதின் கணக்கைச் சிவப்பு எழுத்தில் காட்டும் ஒரு மின்பலகை வந்தது. அக்கா ஆசையாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். ‘குளிசை போட்டு இரண்டு நாள்’ என்று இருந்தது. அது சனிக்கிழமை காலை.

நான் படத்தைப் போனில் திறந்து அவருடைய மேசையில் வைத்தேன்.

“இது என்ரை அக்காவின்ரை களஞ்சியம், அண்ணை. முட்டை இல்லை.”

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“மில்லுக்கு மணித்தியாலமும் சேர்த்துப் போட்டுவிடுறன்.”

“எப்ப?”

“இந்தா.”

அதை அவர் பொய்க்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். இடையில் வேறு வேலைகள் வந்தன. மில்லிலும் பழக்கம் விடாமல் செவ்வாய்க்கிழமைதான் திறந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு கிழமையும் அவருக்குச் சாட்சி சொன்னது. நான் கேட்பேன், அவர் இந்தா என்பார். அக்காவோ, ஏனடி அந்த மனிசனை இப்படி அரியண்டப்படுத்துகிறாய் என்று என்னைத்தான் ஏசினாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் அக்கா துணி மடித்தபடி, நாளைக்கு வேலை என்றாள். கொழும்புக்கு லொறி போகிறதாம், சரக்குக் காணாதாம், ஞாயிறு காலை வந்து களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லி மனேச்சர் அழைத்தாராம்.

“குளிசை போட்டதெல்லோ?” என்றேன்.

“நேற்றுப் பின்னேரம் போட்டது. நாளைக்குப் பலகையிலை மூண்டு நாள் எண்டு வந்திடுமாம். மனேச்சர் சொன்னவர்.”

அக்காவின் இரண்டு தோள்களையும் பிடித்து, அந்த வாசலைத் தாண்டக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். மனேச்சருக்குப் போன் எடுத்தேன். அவர், பிள்ளை, உங்கடை பலகைதானே சொல்லுது என்றார். பிறகு அண்ணைக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ தேங்காய் திருவுவது கேட்டது.

“அண்ணை?”

“இந்தா, காலமை நானே போறன், பிள்ளை. பலகையை மாத்திவிடுறன். உம்மடை அக்காவை உள்ளை விடமாட்டன். காணுமோ?”

அக்காவைப் பற்றிச் சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார்.

மறுநாள் நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் வந்தபோது மனேச்சரும் அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் களஞ்சிய வாசலில் நின்றிருக்கிறார்கள். பலகையில் சிவப்பாக ‘மூன்று நாள்’. தங்கச்சி போகவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், நான் போகமாட்டேன் என்று அக்கா நிற்கிறாள். மற்றப் பெண்களும் அவளோடு. லொறிக்காரன் வீதியில் ஹோர்ன் அடிக்கிறான். இவரைக் கண்டதும் மனேச்சருக்கு உயிர் வந்ததுபோல.

“நீங்களே சொல்லுங்கோ. இது மூண்டு நாளோ, இல்லையோ?”

இவர் பலகையைப் பார்த்தாராம். அக்காவைப் பார்த்தாராம். கை தன்பாட்டில் எழுந்து, பெருவிரல் சின்னிவிரலின் அடியில் போய் நின்றதாம்.

“மூண்டாம் நாள்தான்,” என்றிருக்கிறார்.

“அப்ப இவையள் ஏன் போகேலாது?”

அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. என்ரை பலகை பிழை. அந்த மூன்று சொல் அவருடைய வாயில் வரவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் வரவில்லை. சாவியைத் தான் வாங்கிக்கொண்டார். நாடாவைக் கிழித்துக் கதவைத் திறந்தார். ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் காற்றோட விடுவம் என்று சொல்லி, வேப்பமரத்தடியில் எல்லோரோடும் இருந்து குடித்தார். பிறகு, “நீங்கள் நில்லுங்கோ, பிள்ளையள். நான் போய்ப் பாத்திட்டுச் சொல்லுறன்,” என்று உள்ளே போனார். மூடைகளில் கட்டியிருந்த பெயர்த் துண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு நடந்தது கேட்டதாம்.

அக்கா வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு கூப்பிட்டிருக்கிறாள்.

“அண்ணை, மணக்குது. வெளியிலை வாங்கோ.”

உள்ளேயிருந்து குரல் வந்ததாம்.

“இந்தா.”

அவர் தானாகத்தான் நடந்து வெளியே வந்தார். வந்து வேப்பமரத்தடியில் குந்தி, வாந்தி எடுத்து, சேர்ட்டின் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்றிருக்கிறார். அக்கா போன் எடுத்து நான் போய்ச் சேர்ந்தபோதும் அதையேதான் சொன்னார். முகம் சாம்பல் நிறம். மார்பை ஒரு கை பிடித்திருந்தது. ஓட்டோவில் ஏற்றினோம். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க நான் அவரை ஏசிக்கொண்டே வந்தேன். மூத்தவர், அண்ணை என்று பாராமல் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

இளம் டொக்டர் பெண் ஒருத்தி வந்தாள். களைத்த கண்கள். பேனையைத் திறந்து கேட்டாள்.

“எவ்வளவு நேரம் உள்ளை நிண்டனீங்கள்?”

“கொஞ்ச நேரம்.”

“கொஞ்ச நேரமெண்டால்?”

“ஒரு பிளேன்ரீ…” என்று தொடங்கி நிறுத்தினார். மூச்சு வாங்கியது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். “பிள்ளை, அது எங்கடை லைப்ரரியிலை எத்தினை நிமிசம் தொடக்கம் எத்தினை நிமிசம் வரைக்கும்?”

அதைப் பரீட்சித்தவள் நான். எனக்கு மனப்பாடம்.

“அஞ்சு நிமிசத்திலை இருந்து இருவது வரைக்கும், அண்ணை.”

“அஞ்சோ, இருவதோ?” என்று டொக்டர் கேட்டாள்.

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். ஒரு எண்ணைத் தேடி அவருடைய உதடு அசைவதை நான் முதன்முதலாகக் கண்டேன். கிடைக்கவில்லை. டொக்டர் அக்காவின் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டு சாக்குத் தைக்கிற நேரம் இருக்கும், டொக்டர்,” என்றாள் அக்கா.

டொக்டர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எதையோ எழுதினாள். என்ன எழுதியிருப்பாள் என்று நான் இன்றும் நினைப்பதுண்டு.

அவரை உள்ளே கொண்டுபோகும் முன் என் கையைப் பிடித்தார்.

“உம்மடை அந்தப் பிழை இருக்கெல்லோ, அதை மூடாதையும். திறந்தபடி விடும். நான் வந்து பாக்கிறன்.”

எப்ப என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவருடைய இதயம் நிற்காமல் அக்காவுடையது நின்றிருக்கலாம். அதுதான் நடப்பதாக இருந்தது. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அக்காவைப் போய்த் தொட்டுப் பார்ப்பேன். தொட்ட கையோடே அவர் மீது கோபமும் வரும். ஒரு வரி மாற்றியிருந்தால் போதும். அந்த லைப்ரரியை இப்போது நான்தான் பார்க்கிறேன். பிளேன்ரீயும் பஸ்ஸும் உலையும் அப்படியே இருக்கின்றன, அவற்றில் நான் கை வைக்கவில்லை. நாள் மட்டும் இப்போது முழு நாளாக நிறைந்தால்தான் நாள். மில்லில் மணித்தியாலம் எண்ணாகவே வருகிறது. அந்த ஒரு வரியை மாற்ற எனக்கு எடுத்தது, நம்புங்கள், ‘இந்தா’ என்கிற நேரம்தான்.

திங்கள் பின்னேரம் கரவெட்டியில் செத்தவீடு. பந்தலுக்குள் ஊரே நின்றது. பறை அடித்து ஓய்ந்த இடைவெளியில் பெரியவர் ஒருவர், எட்டு எப்போது வருகிறது என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் பழக்கத்தில் போனைக் கையில் எடுத்துவிட்டு, யாருக்கு எடுக்கப் பார்த்தோம் என்பது நினைவு வந்ததும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் அந்தக் கோழிக்குஞ்சு மனிதர்.

அண்ணையின் மனைவி தலைமாட்டில் இருந்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தா. அவவுடைய கண்கள் காய்ந்து போயிருந்தன.

“நீர் அவரோடை வேலை செய்தனீரெல்லோ, பிள்ளை. எண்ணிச் சொல்லும்.”

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையை நீட்டி, பெருவிரலைச் சின்னிவிரலின் அடிக்கணுவில் வைத்தேன்.

“நாளைக்குச் செவ்வாய் ஒண்டு,” என்று தொடங்கினேன். எத்தனையோ மாதம் அவரோடு சண்டைபிடித்த கணக்கு அல்லவா, வாயில் அதுதான் வந்தது.

அவ எட்டி என் கையைப் பிடித்தா. பெருவிரலைத் தன் விரலால் தொட்டு, அசையாமல் அந்த அடிக்கணுவிலேயே அழுத்தி வைத்தா.

“இல்லை, பிள்ளை. இண்டைக்கு ஒண்டு. இண்டையையும் சேர்த்து எண்ணும். அவர் அப்பிடித்தான் எண்ணுவார்.”

பந்தலின் நடுவில் அவர் கிடந்தார். நான் அவரைப் பார்க்காமல் விரலைப் பார்த்துக்கொண்டு, திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு என்று எல்லோருக்கும் கேட்க எண்ணினேன். அடுத்த திங்கட்கிழமை எட்டு என்று வந்தது. சரியாகத்தான் வந்தது என்றார்கள்.